மண்கரை கூறும் வரலாறு
(இங்கிலாந்தின் வான்ஸ்டைக் பற்றிய ஓர் ஆய்வு)

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு

முன்னுரை

வரலாற்றுச் சான்றுகள் யாவை என்று வினவினால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்று நாம் வரிசையாக விடை கூறுவோம். எழுத்துப் பொறித்த சான்று ஒன்று கிடைத்துவிட்டால் ஆய்வாளரின் பணி பாதி முடிந்ததாகவே கருதலாம். பிரிட்டனின் வடபகுதியில் உரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-ஆம் ஆண்டளவில் கட்டத் தொடங்கிய நெடுஞ்சுவரை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அச்சுவரின் எந்தப் பகுதியை எந்தப் படைப்பிரிவு கட்டியது என்பதை அதில் பதித்த கற்களே நமக்குக் கூறுகின்றன.

ஆனால், ஓர் எழுத்துகூட இல்லாத வரலாற்றுச் சின்னங்களும் உலகில் உண்டு. கட்டியவன் பெயர் இல்லை. கட்டிய ஆண்டு இல்லை. கட்டிய காரணமும் இல்லை. வெறும் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாகக் குவித்துச் சென்றுவிட்டனர். அத்தகைய மண்கரை ஒன்று எப்போது எழுந்தது என்பதை எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு விடை காணும் முறையை, தென் இங்கிலாந்திலுள்ள வான்ஸ்டைக் என்னும் பழைய எல்லைக் கரையைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அமைவிடமும் அமைப்பும்

வான்ஸ்டைக் இரண்டு பகுதிகளாக அமைந்துள்ளது. கிழக்குப் பகுதி வில்ட்ஷயர் மாவட்டத்தில், மார்கன் குன்று என்னுமிடத்திலிருந்து சவர்னேக் காட்டை நோக்கி ஏறத்தாழ 19 கிலோமீட்டர் செல்கிறது. மேற்குப் பகுதி சாமர்செட் மாவட்டத்தில், பாத் நகரின் தெற்கிலிருந்து மேஸ் நால் என்னும் பழைய குன்றுக் கோட்டை வரை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் செல்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் உரோமர் அமைத்த நெடுஞ்சாலை ஒன்று கிடக்கிறது.

கிழக்குப் பகுதியே நன்கு காக்கப்பட்டுள்ளது. அங்குள்ள குன்றுகள் யாவும் சாக்கு எனப்படும் வெண்சுண்ணப் பாறையால் ஆனவை. வகுப்பறைக் கரும்பலகையில் எழுதும் சாக்குக்கட்டியின் பெயர் இப்பாறையிலிருந்து வந்ததே. மேலே அரையடி மண், அதன்மேல் புல், கீழே முழுவதும் வெண்பாறை. எனவே அகழி வெட்டிக் கரை எழுப்பிய புதிதில், பசும்புல் வெளியின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு நெடுந்தொலைவுக்குத் தெரிந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. இன்று கரை முழுவதும் புல் மூடி, ஆடுகள் மேய்கின்றன. எனினும், சில இடங்களில் கரை 4 மீட்டர் உயரமும், அகழி 2.5 மீட்டர் ஆழமும் உடையனவாக உள்ளன. வில்ட்ஷயரின் மிக உயர்ந்த குன்றுகளான மில்க் குன்று, டான் குன்று ஆகியவற்றை ஒட்டி இக்கரை வளைந்து செல்கிறது.

இங்கு ஒரு செய்தியை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். அகழி வடபுறத்தில் உள்ளது. கரை தென்புறத்தில் உள்ளது. பகைவன் வரும் திசையில் அகழி வெட்டுவதே அரண் அமைப்போர் வழக்கம். ஆகவே, கட்டியவர்கள் தெற்கே இருந்தனர். அவர்கள் அஞ்சியவர்கள் வடக்கே இருந்தனர். எழுத்தே இல்லாத கரை நமக்குத் தரும் முதற் செய்தி இதுவாகும்.

இதற்கு எத்துணை உழைப்பு வேண்டியிருக்கும்? ஒரு சிறு கணக்கிட்டுப் பார்க்கலாம். அகழி மேலே 8 மீட்டர் அகலமும், நடுவில் 2.5 மீட்டர் ஆழமும் கொண்ட முக்கோண வடிவினது என்று வைத்துக்கொள்வோம். அதன் குறுக்குப் பரப்பு 10 சதுர மீட்டர். ஒரு கிலோமீட்டர் நீளத்திற்கு 10,000 கன மீட்டர் பாறையும் மண்ணும் வெட்டி ஏற்ற வேண்டும். ஓர் ஆள் ஒரு நாளில் 2 கன மீட்டர் வெட்டிக் குவிப்பான் என்று கொண்டால், 15 கிலோமீட்டருக்கு 75,000 ஆள்நாள் ஆகும். ஆயிரம் பேர் இரண்டரை மாதம் உழைத்தால் முடியும். இது நாம் கொண்ட அளவுகளால் வரும் தோராயமே. எனினும், ஒன்று புலனாகிறது. இது ஓர் ஊரார் கூடிச் செய்த வேலையன்று. ஆயிரக்கணக்கானோரை அழைத்து, அவர்களுக்கு உணவளித்து, வேலை வாங்கும் அதிகாரம் படைத்த ஒருவனுடைய ஆணையால் நடந்த வேலை. அத்துணை அதிகாரம் உடையவன் பெயரே மறைந்துபோயிற்று என்பதுதான் வியப்பு.

பெயர்க் காரணம்

வான்ஸ்டைக் என்பது 'வோடனின் கரை' என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். வோடன் என்பவன், கிறித்தவம் பரவுமுன் ஆங்கிலோ சாக்ஸன் மக்கள் வணங்கிய தலைமைத் தெய்வம். புதன்கிழமைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'வெட்னஸ்டே' என்ற பெயரும் இத்தெய்வத்தின் பெயரால் வந்ததேயாகும். கரைக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள கற்கால ஈமமேடு ஒன்றும் 'வோடன் மேடு' என்று வழங்கப்பெற்றது. இன்று அது 'ஆதாம் கல்லறை' எனப்படுகிறது.

யார் செய்தது என்று அறியாத பெரும்பணியைத் தெய்வத்தின்மேல் ஏற்றிக் கூறுவது எல்லா நாட்டு மக்களுக்கும் இயல்பு. இங்கிலாந்தில் பல இடங்களிலுள்ள இத்தகைய கரைகள் 'கிரிம் அகழி' என்று அழைக்கப்படுகின்றன. கிரிம் என்பதும் வோடனின் மறுபெயரே. கேம்பிரிட்ஜ் மாவட்டத்தில் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள பெருங்கரை 'சாத்தான் கரை' எனப்படுகிறது. பழைய தெய்வம் போய்ச் சாத்தான் வந்ததேயன்றி, கட்டிய மனிதன் யார் என்பது தெளிவாகவில்லை. ஆகவே, பெயரை மட்டும் நம்பிக் காலத்தைக் கணிக்க இயலாது.

தளபதியின் அகழாய்வு

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பழம்பொருள் ஆர்வலர் பலர் இக்கரையைப் பற்றி எழுதினர். உரோமர் வருகைக்கு முன் பிரிட்டனில் குடியேறிய பெல்கே என்னும் மக்களே இதனைக் கட்டினர் என்ற கருத்து அந்நாளில் செல்வாக்குப் பெற்றிருந்தது. கற்றவர் பலர் கூறியதால் அதுவே உண்மை என்று மற்றவரும் நம்பினர். ஆனால், ஒருவரும் மண்வெட்டியை எடுத்துக் கரையைக் குறுக்கே வெட்டிப் பார்க்கவில்லை.

அதனைச் செய்தவர் பிட் ரிவர்ஸ் (1827-1900) என்னும் படைத்தளபதி. 1880-இல் இவருக்கு உறவினர் வழியாகக் கிரான்போர்ன் சேஸ் பகுதியில் பெரும் பண்ணை நிலம் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் 1882-இல் இயற்றப்பட்ட பழஞ்சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முதல் ஆய்வாளராக நியமிக்கப்பட்டவரும் இவரே. பொன்னும் மணியும் தேடித் தோண்டுவதே அகழாய்வு என்று பலர் எண்ணியிருந்த காலத்தில், உடைந்த ஓடும் துருப்பிடித்த ஆணியும் சமமான மதிப்புடையன என்று இவர் வற்புறுத்தினார். ஒவ்வொரு பொருளும் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதை வரைபடத்தில் குறித்தார். தாம் தோண்டிய குழிகளை மூடும்போது, பின்னால் வருவோர் அறியும்பொருட்டுத் தம் பெயர் பொறித்த பதக்கம் ஒன்றை அடியில் இட்டு மூடுவதும் இவர் வழக்கமாம்.

இவர் 1889 முதல் 1891 வரை வான்ஸ்டைக் கரையை இரண்டு இடங்களில் குறுக்கே வெட்டி ஆராய்ந்தார். கரைக்கு அடியில், கரை எழுமுன் இருந்த பழைய தரைமட்டம் கருங்கோடுபோல் தெளிவாகத் தெரிந்தது. அத்தரையின்மேல் 'சாமியன்' எனப்படும் சிவந்த மெருகுள்ள மட்கலத்தின் துண்டும், இரும்புப் பொருள்களும் கிடைத்தன. சாமியன் மட்கலம் உரோமர் ஆட்சிக் காலத்தில் கால் நாட்டிலிருந்து (இன்றைய பிரான்சு) பிரிட்டனுக்குப் பெருமளவில் வந்த பண்டம். அது கரைக்கு அடியில் கிடந்தது என்றால் கரை அதற்குப் பின்னரே எழுந்திருத்தல் வேண்டும். ஆக, உரோமருக்கு முற்பட்ட பெல்கே மக்கள் கட்டினர் என்ற கொள்கை ஒரு சிறு ஓட்டுத் துண்டால் வீழ்ந்தது.

முன்னெல்லையும் பின்னெல்லையும்

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டை மாணவர்கள் நன்கு உணர்தல் வேண்டும். மண்கரை ஒன்று மூடிபோன்றது. அது எழுந்த நாளில் அடியிலிருந்த தரையை மூடி முத்திரையிட்டு விடுகிறது. அதன்கீழ் அகப்பட்ட பொருள் எதுவாயினும் கரையைவிடப் பழையது. அப்பொருள்களுள் மிகப் பிந்திய பொருள் எதுவோ, அதன் காலமே கரையின் முன்னெல்லை. அதாவது, 'கரை இதற்கு முன் எழவில்லை' என்று அது சொல்கிறது. ஆனால், எத்தனை ஆண்டுகள் கழித்து எழுந்தது என்பதை அது சொல்லாது. நூறு ஆண்டுகளுக்கு முன் உடைந்த பானையின் ஓடு இன்று கட்டும் வீட்டின் அடித்தளத்தில் கிடக்கலாம் அன்றோ?

வான்ஸ்டைக்கின் முன்னெல்லையை உறுதிப்படுத்தும் வேறொரு சான்று உரோமச் சாலையாகும். மார்கன் குன்றில் சாலையும் கரையும் ஒன்றுசேர்கின்றன. அங்கே சாலையின் மேட்டின்மீதே கரை அமைந்துள்ளது. சாலை முந்தியது, கரை பிந்தியது என்பது கண்கூடு. அன்றியும், அரசாங்கப் படை நடமாடும் நெடுஞ்சாலையை மறித்துக் கரை கட்ட உரோம ஆட்சியாளர் இடங்கொடுத்திரார். எனவே, உரோம ஆட்சி பிரிட்டனை விட்டு நீங்கிய கி.பி. 410-ஐ ஒட்டிய காலத்தையே முன்னெல்லையாகக் கொள்வது பொருந்தும்.

பின்னெல்லை எது? அதனைச் சாக்ஸன் மன்னர்களின் நிலக்கொடைச் சாசனங்கள் தருகின்றன. ஓர் ஊரை ஒருவருக்குக் கொடையாக அளிக்கும்போது, அவ்வூரின் எல்லைகளை மேடு, பள்ளம், மரம், ஓடை என ஒவ்வொன்றாகச் சொல்லிச் சுற்றி வருவது அச்சாசனங்களின் மரபு. 10-ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் 'வோடனின் கரை' ஓர் எல்லைக்குறியாகச் சொல்லப்படுகிறது. கரையிலிருந்த வாயில்களும் குறிக்கப்படுகின்றன. ஆகவே, அப்போது கரை இருந்தது மட்டுமன்று, ஊரார் அனைவரும் அறிந்த பழைய அடையாளமாகவும் இருந்தது.

இவ்வாறாக, மண் ஒரு பக்கமும் சாசனம் ஒரு பக்கமும் நின்று, ஏறத்தாழ கி.பி. 400-க்கும் 900-க்கும் இடைப்பட்ட 500 ஆண்டுகளுக்குள் இக்கரையைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன.

கட்டியவர் யார்?

இந்த 500 ஆண்டுகளுக்குள் எந்த நூற்றாண்டு என்பதில் அறிஞரிடையே மூன்று கருத்துகள் நிலவுகின்றன.

1. உரோமர் நீங்கியபின் தனித்து விடப்பட்ட பிரிட்டானியர், தேம்ஸ் பள்ளத்தாக்கின் வழியாகப் புகுந்த சாக்ஸன் மக்களைத் தடுக்க 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டில் கட்டினர் என்பது ஒன்று. அகழி வடக்கு நோக்கி இருப்பது இதற்குத் துணை. பின்னால் வந்த சாக்ஸன் மக்கள், கட்டியவரை அறியாமையால் தம் தெய்வத்தின் பெயரை இட்டனர் என்று இவர்கள் கூறுவர்.

2. சாக்ஸன் தலைவர்களுக்குள்ளேயே எழுந்த போட்டியால் 6, 7-ஆம் நூற்றாண்டுகளில் கட்டப்பட்டது என்பது மற்றொன்று. சிரில் ஃபாக்ஸ், ஐலீன் ஃபாக்ஸ் என்னும் தம்பதியர் 1958-இல் வெளியிட்ட ஆய்வில், கிழக்கும் மேற்கும் தனித்தனிப் பணிகள், இடையிலுள்ளது வெறும் சாலையே என்று காட்டினர். ஆங்கிலோ சாக்ஸன் ஆண்டுக்குறிப்பு என்னும் பழைய நூல், 592-இல் வோடன் மேட்டில் பெரும் போர் நடந்ததென்றும், சியாலின் என்னும் மன்னன் துரத்தப்பட்டான் என்றும் கூறுகிறது. 628-இல் சைரன்செஸ்டரில் வெசெக்ஸ் மன்னர் மெர்சியாவின் பெண்டாவோடு பொருது, பின் உடன்படிக்கை செய்துகொண்டனர் என்றும் அந்நூல் குறிக்கிறது. இச்செய்திகளோடு கரைகளை இயைத்துக் காண்பது இவர்கள் முறை.

3. வெசெக்ஸ், மெர்சியா என்னும் இரு வளர்ந்த அரசுகளின் எல்லையாக 8-ஆம் நூற்றாண்டில் அமைந்தது என்பது மூன்றாவது. ஆண்ட்ரூ ரெனால்ட்ஸ், அலெக்ஸ் லாங்லண்ட்ஸ் ஆகியோர் 2006-இல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தனர். 715-இல் வெசெக்ஸின் ஐனேயும் மெர்சியாவின் சியோல்ரெடும் அதே வோடன் மேட்டில் போரிட்டனர் என்ற குறிப்பும் இதற்கு அரணாகிறது.

மூன்றாவது கருத்துக்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 8-ஆம் நூற்றாண்டில் வெசெக்ஸ் மக்கள் கிறித்தவராகிவிட்டனர். கிறித்தவ மன்னன் கட்டிய கரைக்கு வோடன் பெயர் ஏன்? இதற்கு விடையும் உண்டு. கிறித்தவரான பின்னரும் சாக்ஸன் அரச குலத்தினர் தம் மரபு வழியை வோடனிலிருந்தே தொடங்கி எழுதினர். குலமுதல்வனின் பெயரை எல்லைக்கு இடுவது வியப்பன்று. ஒரே பெயர் முதற் கருத்துக்கும் மூன்றாம் கருத்துக்கும் சான்றாவதைக் காண்க! எனவேதான் பெயரைவிட மண்ணின் சான்று வலிமையுடையது என்கிறோம்.

கரையின் பயன்

இவ்வளவு நீளமான கரை முழுவதும் வீரர்களை நிறுத்திக் காப்பது எந்த அரசுக்கும் இயலாத காரியம். அவ்வாறாயின் பயன் என்ன? அக்காலத்துச் செல்வம் கால்நடையே. இரவில் புகுந்து மாடுகளைக் கவர்ந்து செல்வோருக்கு, ஓட்டிவரும் மாடுகளோடு ஆழமான அகழியையும் உயர்ந்த கரையையும் கடப்பது எளிதன்று. வழிப்போக்கரும் வணிகரும் வாயில்கள் வழியாகவே வரவேண்டும். அங்கே அவர்களைக் கண்காணிக்கலாம். ரிட்ஜ்வே என்னும் பழமையான குன்றுவழி இக்கரையை 'ரெட் ஷோர்' என்னும் திறப்பின் வழியாகக் கடக்கிறது. இவற்றோடு, 'இதுவரை என் நாடு' என்று குன்றின்மேல் வெண்கோடாக எழுதிக் காட்டுவதும் ஒரு பயனே.

மற்றொரு கரை தரும் எச்சரிக்கை

முன்னெல்லையைக் கட்டிய காலமாகவே மயங்கினால் என்ன நேரும் என்பதற்கு வேல்ஸ் எல்லையிலுள்ள வாட் கரை சான்றாகும். அதனை அடுத்து, மெர்சிய மன்னன் ஆஃபா (ஆட்சி 757-796) கட்டிய புகழ்பெற்ற ஆஃபா கரை உள்ளது. வாட் கரையில், ஆஸ்வெஸ்ட்ரி ஊரருகே 1990-களில் நடந்த அகழாய்வில், கரைக்கு அடியில் நெருப்பு மூட்டிய இடம் ஒன்று காணப்பட்டது. அதன் கரியைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது 5-ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் கிடைத்தது. உடனே, கரை ஆஃபாவுக்கு 300 ஆண்டுகள் முந்தியது என்ற பேச்சு பரவிற்று. ஆனால், 2006-இல் கோபோவன் என்னுமிடத்தில் மண்ணையே ஆராய்ந்தபோது, கரை 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது என்ற முடிவு வந்தது. முதல் ஆய்வு பொய்யன்று. நெருப்பு மூட்டிய காலத்தை அது சரியாகவே சொன்னது. கரையின் காலத்தை அது சொல்லவே இல்லை.

2006-இல் கையாண்ட முறை ஒளிவழிக் காலக்கணிப்பு எனப்படும். மணலிலுள்ள குவார்ட்ஸ் துகள்கள் மண்ணுக்குள் புதைந்திருக்கும்போது இயற்கைக் கதிர்வீச்சால் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேமிக்கின்றன. வெயில் பட்டதும் அதை இழக்கின்றன. ஆகவே, சேமித்த அளவை ஆய்வுக்கூடத்தில் அளந்தால், அத்துகள் கடைசியாக வெயிலைக் கண்ட காலம் தெரியும். ஓடோ கரியோ இல்லாத மண்ணும் இன்று தன் வயதைக் கூறுகிறது.

மண்கரை காலப்போக்கில் எவ்வாறு சரிகிறது என்பதை அறியவும் ஓர் அரிய சோதனை நடைபெறுகிறது. வான்ஸ்டைக்குக்கு வடக்கே ஓவர்ட்டன் டவுன் என்னுமிடத்தில் 1960-இல் அறிஞர்கள் புதிதாக ஒரு கரையும் அகழியும் அமைத்து, உள்ளே பல பொருள்களைப் புதைத்து வைத்தனர். 2, 4, 8, 16, 32 என ஆண்டுகள் இரட்டிக்கும்தோறும் அதில் ஒரு பகுதியை வெட்டிப் பார்ப்பது திட்டம். 128-ஆம் ஆண்டு வரை இது தொடர வேண்டும். தொடங்கியவர் எவரும் முடிவைக் காணமாட்டார். முதற் சில ஆண்டுகளில் அகழியின் பக்கங்கள் விரைந்து சரிந்து, புல் முளைத்தபின் அச்சரிவு அடங்கிவிடுகிறது என்பது இதுவரை தெரிந்த பாடங்களுள் ஒன்று.

நம் நாட்டுத் தொடர்பு

பிட் ரிவர்ஸ் காட்டிய வழியைத் தம் வழியாகக் கொண்டவர் மார்ட்டிமர் வீலர். இவர் 1944 முதல் 1948 வரை இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்தார். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் அகழாய்வு செய்து, அங்குக் கிடைத்த இத்தாலிய நாட்டு அரிட்டைன் மட்கலத்தைக்கொண்டு, அதனுடன் கிடைத்த நம் நாட்டுப் பானைகளின் காலத்தைக் கணித்தார். வில்ட்ஷயர் குன்றில் ஒரு சிவப்பு ஓடு செய்த பணியை, வங்கக் கடலோரத்தில் அதன் இனத்தைச் சேர்ந்த மற்றொரு சிவப்பு ஓடு செய்தது. நாம் பாடநூலில் படிக்கும் அரிக்கமேட்டுக்குப் பின்னால் இம்முறையின் வரலாறு உள்ளது என்பதை அறிவது நமக்கு நன்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வான்ஸ்டைக் உரோமர் நீங்கியபின், 10-ஆம் நூற்றாண்டுக்கு முன், தெற்கே இருந்த ஓர் அதிகாரத்தால், வடக்கே இருந்தவர்களுக்கு எதிராக எழுப்பப்பட்டது என்பது பெறப்பட்டது. இதற்குமேல் கூறுவன யாவும் கருத்துகளே, முடிவுகள் அல்ல. எது முடிவு, எது கருத்து என்று பிரித்தறிவதே வரலாற்று மாணவரின் முதற் கடமை.

மண்கரைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. கல்வெட்டு சிதைந்தாலும் படியெடுத்து வைத்த எழுத்து எஞ்சும். கரை சிதைந்தால் அதனடியிலுள்ள பழைய தரையும் அதன்மேல் கிடந்த சான்றும் ஒருங்கே அழியும். மீண்டும் படிக்க முடியாது. 2013-இல் ஆஃபா கரையின் ஒரு பகுதி, சட்டப் பாதுகாப்பு இருந்தும், இயந்திரத்தால் தரைமட்டமாக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மழையையும் காற்றையும் தாங்கி நின்றது, சிறிது பொழுதில் மறைந்தது.

'கண்ணால் காண்பதும் பொய். காதால் கேட்பதும் பொய். தீர விசாரிப்பதே மெய்' என்பது நம் முதுமொழி. மேட்டைக் கண்டவர் பெல்கே மக்களின் கரை என்றனர். பெயரைக் கேட்டவர் தெய்வத்தின் கரை என்றனர். தீர விசாரித்தவர் மண்ணையே சாட்சிக்கு அழைத்தனர். அச்சாட்சி தனக்குத் தெரிந்ததை மட்டுமே சொல்லும். அதற்கு மேல் நாம் நம் விருப்பத்தைச் சேர்க்காதிருந்தால் வரலாறு வாழும்.